நானோ? நானில்லை!

மோட்டார் ரூம் ஜன்னலில்
வெள்ளையாய் ஒரு பாட்டில்.
நான் இப்போதுதான் இரண்டாம் வகுப்பு.
எழுத்துக் கூட்டினேன்:
நா... னோ... யூ... ரி... யா.

"நானோ? நானில்லை!
நான் அதைத் தொடவே இல்லை!"

லிங்கேஷ் அண்ணன் சிரித்த சிரிப்பில்
கேரட் மூட்டையிலிருந்து உருண்டு விழுந்தான்.
அவன் ஐந்தாம் வகுப்பு.
"நானோ என்றால் சின்னது, பூர்ணி."
"எவ்வளவு சின்னது?"
"ரொம்ப."
"கடுகு?"
"அதைவிட."
"கடுகில் ஒட்டிய தூசி?"
"அதைவிட."
"தூசியின் குட்டி? குட்டியின் குட்டி?"

அண்ணனுக்கு
அதற்குமேல் பாடம் நடத்தவில்லை.
கேத்தி ஸ்டேஷனில் ரயில் கூவியது.
மழை விட்டிருந்தது.

முயலுக்காக ஒரு கோஸ் இலையைக்
கழுவப் போனேன்.
குழாயைத் திறந்தேன், பிடித்தேன்,
இலை நனையவே இல்லை.
தண்ணீர் குண்டு குண்டாய்த் திரண்டு
கோலி போல ஓடி
என் செருப்பில் குதித்தது.
போகிற போக்கில்
இலைமேல் கிடந்த மண்ணையும்
பெருக்கிக்கொண்டு போனது.
மறுபடி பிடித்தேன்.
மறுபடி ஓட்டம்.

எனக்குக் கோபம்.
கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன்.
சாம்பல் பூத்த இலையில்
பளபளவென்று ஒரு பச்சை.
இப்போது ஊற்றினால்
என் விரல் பட்ட இடத்தில் மட்டும்
தண்ணீர் கால் நீட்டிப் படுத்தது.

அங்கே என்ன இருந்தது?
என்ன போனது?

மறுநாள் பள்ளி நூலகத்தில்
அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று.
கோஸ் இலையைப்
பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிய படம்.
இலைமேல் ஒரு காடு!
மெழுகுக் கம்புகள், மெழுகுக் கிளைகள்.
இறங்க இடுக்கில்லாத மழைத்துளி
மரத்து உச்சிகளில்,
பாதி காற்றின் மேலேயே
உட்கார்ந்திருக்கும்.
லேசாய்ச் சாய்த்தால் போதும், உருளும்.

ஒரு முழுக் காட்டை
என் கட்டைவிரல் அழித்திருக்கிறது.
சத்தமே கேட்கவில்லை.

அதே பக்கத்தில் ஒரு கணக்கு:
ஒரு தலைமுடியை
எண்பதாயிரம் கீற்றாய்க் கிழித்தால்
ஒரு கீற்றின் அகலம், ஏறக்குறைய,
ஒரு நானோமீட்டர்.
அம்மாவின் சீப்பிலிருந்து
ஒரு முடி உருவி
கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன்.
முடியை
இரண்டாக்கவே முடியவில்லை.

மோட்டார் ரூம் சிலந்தி வலையில்
வண்ணத்துப்பூச்சியின் சிறகு ஒன்று,
பூச்சி இல்லாமல்.
மேசைமேல் வைத்தால் நீலம்.
ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினால்
வெறும் பழுப்பு.
வைத்தால் நீலம்.
தூக்கினால் பழுப்பு.
"சாயம் இருந்தால் இப்படி ஓடி ஒளியுமா?"
என்றேன்.
அண்ணன் புத்தகத்தைப் புரட்டினான்.
நீலச் சாயமே இல்லையாம்.
செதில் மேல் செதில்,
செதிலுக்குள் அடுக்கு மேல் அடுக்கு,
எல்லாம் நானோ அளவில்.
வருகிற வெளிச்சத்தில்
நீலத்தை மட்டும் அடுக்குகள்
திருப்பி அனுப்புமாம்.

எதிர் மலையைப் பார்த்தேன்.
அதுவும் நீலம்.
ஆனால் போன மாதம்
மாமா வீட்டுக்கு அங்கே போனேனே!
புல் பச்சை, தேயிலை பச்சை,
மாமாவின் ஜீப் கூடப் பச்சை.
அங்கே நின்று பார்த்தபோது
எங்கள் ஊர்தான் நீலமாய் இருந்தது.
இரண்டு மலைக்கும் நடுவே
காற்றும் அதன் பொடிப்பொடித் துகள்களும்
வெளிச்சத்தை உதறிக்கொண்டே இருக்கின்றன.
உதறும்போது
நீலம்தான் அதிகம் சிந்துகிறது.
சிறகுக்கு அடுக்கு, மலைக்குத் தூரம்.
பூசியது யாருமில்லை.

இன்னொன்றும் படித்தோம்.
நகம் ஒரு நொடியில்
ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் வளருமாம்.
இந்த வரியைப் படிப்பதற்குள்
உங்கள் நகமும்.
கையைக் கண் முன்னே வைத்து
விடாமல் பார்த்தேன்.
கொட்டாவிதான் வந்தது.
ஆனால் உள்ளே நடக்கிறது.

பாட்டிலை மறுபடி படித்தேன்.
நானோ?
ம்... கொஞ்சம் நானும்தான்.

சாயங்காலம்
முயலுக்கு வேறு இலை பறித்தேன்,
காம்பை மட்டும் பிடித்து,
காட்டில் கை படாமல்.

முயல்
எல்லாக் காட்டையும்
ஒரே மாதிரிதான் தின்றது.